பொய் சொல்லும் நுரையீரல்: ஒன்பதாம் வகுப்பு உடல் மாடல்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

பண்ருட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் உறுப்பு மண்டலங்கள் பாடம் வரும்போதெல்லாம் "மனித உடல் மாடல் ஒண்ணு செஞ்சுட்டு வாங்க" என்று சொல்லிவிடுவது வழக்கம். என்ன வரும் என்பதும் தெரிந்ததுதான். தெர்மாகோலில் வெட்டிய இதயம், பின்னால் சார்ட் பேப்பர், குண்டூசியில் குத்திய பெயர்ச் சீட்டுகள். பாதியை அண்ணனோ அக்காவோ செய்திருப்பார்கள். கொஞ்சம் கடையில் வாங்கியது. மிச்சம் இருப்பதில்தான் பிள்ளைகளின் கை தெரியும். மதிப்பெண்ணும் அவற்றுக்குத்தான் குறைவாகப் போடுவோம், பார்க்க நன்றாக இருக்காதே!

இந்த வழக்கத்தை விட வைத்தது ஒரு தெர்மாகோல் இதயம். ஒரு மாணவன் இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கிய இதயத்துக்குக் கடைசி நேரத்தில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தான். அந்தப் பெயின்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். எங்கள் கண்ணெதிரே இடது வெண்ட்ரிக்கிள், அதாவது இதயத்தின் இடது கீழறை, குழிந்து உள்ளே இறங்கியது. அவன் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றான். பேச்சை மாற்றலாம் என்று, "சரி விடுடா. இடது வெண்ட்ரிக்கிள் சுவர் மட்டும் ஏன் தடிமனா இருக்கு, சொல்லு" என்றேன். தெரியவில்லை. அந்தச் சுவரை அவ்வளவு கவனமாகச் செதுக்கியவனுக்கு அது ஏன் தடிமன் என்று தெரியவில்லை. புத்தகப் படத்தில் அப்படி இருந்தது, வெட்டினான், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு விதிகளை மாற்றினேன். மூன்று வாரம், ஆறு குழு, ஒரு குழுவுக்கு 200 ரூபாய்க்கு மேல் செலவு கூடாது. தெர்மாகோல் வேண்டாம். வேலை பள்ளியிலேயே கடைசிப் பாடவேளையில் நடக்கும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. மாடல் ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். காற்றை இழுக்கலாம், தண்ணீரைத் தள்ளலாம், எதையாவது வடிகட்டலாம். பார்க்க உறுப்பைப் போல இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கடைசி விதிதான் பிள்ளைகளை விழிக்க வைத்தது. ஒவ்வொரு மாடலுக்குப் பக்கத்திலும் ஓர் அட்டை இருக்கும். "எங்கள் மாடல் சொல்லும் பொய்கள்" என்று தலைப்புப் போட்டு, நிஜ உறுப்பிலிருந்து அது எங்கெங்கே விலகுகிறது என்று எழுத வேண்டும். 20 மதிப்பெண்ணில் 10 இந்த அட்டைக்கு.

"நம்ம தப்பை நாமளே எழுதிக் குடுத்தா மார்க்கா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம் என்றேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

தலைமையாசிரியர் கேட்டது ஒன்றுதான்: "எரிமலை இல்லையேம்மா?" முந்தைய கண்காட்சியில் சமையல் சோடாவும் வினிகரும் பொங்கி அவர் மேசை விரிப்பு பாழானது தனிக் கதை.

வேலை தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டுக் கை தூக்கச் சொன்னேன். மூச்சு இழுக்கும்போது காற்று உள்ளே போவதால் மார்பு விரிகிறதா, மார்பு விரிவதால் காற்று உள்ளே போகிறதா? ஏறக்குறைய வகுப்பு முழுதும் முதல் பதிலுக்குக் கை தூக்கியது. பலூன் ஊதிப் பழகியவர்களுக்கு அப்படித்தானே தோன்றும். சரி, தவறு எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பாட்டிலுக்குள் மூச்சு

நுரையீரல் மாடல் ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, மூடியில் துளையிட்டுக் குழாய் நுழைத்து, உள்ளே குழாயின் இரண்டு கிளைகளிலும் இரண்டு சின்ன பலூன்களைக் கட்டுவார்கள். வெட்டிய அடிப்பக்கத்தில் பெரிய பலூன் ஒன்றைக் கிழித்து இறுக்கமாக மாட்டினால் உதரவிதானம், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசைத் தடுப்பு. அதைக் கீழே இழுத்தால் பாட்டிலுக்குள் இடம் கூடும், அழுத்தம் குறையும், வெளிக்காற்று குழாய் வழியே சின்ன பலூன்களுக்குள் நுழையும். வாயுவின் பருமன் கூடினால் அழுத்தம் குறையும் என்று 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதிதான் இதன் மொத்த இயந்திரமும்.

செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், முதல் நாள் பலூன் அசையாது. புதுப் பலூன் விறைப்பாக இருக்கும். நாலைந்து தடவை ஊதி ஊதி இளக்க வேண்டும். அப்புறம் கசிவு. பேனாக் குழாய்களை ஒட்டிச் செய்த கிளைக்குழாய் மூட்டுக்கு மூட்டு ஒழுகியது. எம்-சீல் வைத்தார்கள், மெழுகு ஊற்றினார்கள். மூன்றாம் நாள் ஒருவன் மீன்தொட்டி விற்கும் கடையிலிருந்து காற்றுக்குழாயைப் பிரிக்கும் மூன்று முனை இணைப்பு ஒன்றை வாங்கி வந்தான். விலை 5 ரூபாய். பிரச்சினை அதோடு தீர்ந்தது. உடல் மாடலுக்கு வேண்டிய பாதிச் சாமான் மீன்தொட்டிக் கடையிலும் சைக்கிள் கடையிலும் இருக்கிறது. நான்தான் இத்தனை வருடம் ஸ்டேஷனரிக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் சரியானபின்னும் ஒரு பாட்டில் வேலை செய்யவில்லை. தேடிப் பார்த்தால், நூல் கட்டுவதற்காக யாரோ பழுக்கக் காய்ச்சிய ஆணியால் பக்கவாட்டில் ஒரு துளை போட்டிருந்தார்கள். அடியில் மாட்டிய பலூன் தோலை இழுத்தால் காற்று அந்தத் துளை வழியே பாட்டிலுக்குள் வந்துவிடுகிறது, பலூனுக்குள் போக வேண்டிய தேவையே இல்லை. விரலால் துளையை அடைத்தால் பலூன் உப்புகிறது. எடுத்தால் தொய்கிறது. "விரலை எடுத்தா செத்துப்போகுது டீச்சர்" என்றான் துளை போட்டவன்.

எனக்கு அது கிடைத்தற்கரிய நேரம். கத்திக்குத்திலோ விபத்திலோ மார்புச் சுவரில் துளை விழுந்தால் உள்ளே நடப்பது இதேதான். நுரையீரலுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று புகுந்துவிடும், மார்பு எவ்வளவு விரிந்தாலும் அந்தப் பக்க நுரையீரல் சுருங்கிக் கிடக்கும். மருத்துவர்கள் அந்த இடைவெளிக்குள் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் உள்ள பாட்டிலில் மூழ்கவைப்பார்கள். காற்று குமிழியாக வெளியேறலாம், திரும்பி உள்ளே வர முடியாது. இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க மாமாவுக்கு ஆக்ஸிடென்ட் ஆனப்ப கட்டிலுக்குக் கீழ அந்த பாட்டில் இருந்துச்சு டீச்சர். எதுக்குன்னு அப்ப தெரியல." துளையை அடைக்க வேண்டாம் என்று குழுவே முடிவெடுத்தது. ஒட்டி உரிக்கிற மாதிரி ஒரு செலோடேப் மட்டும் போட்டுவைத்தார்கள்.

அடுத்ததாகப் பொய் அட்டை எழுத உட்கார்ந்தார்கள். முதல் பொய் சுலபமாகக் கிடைத்தது. பாட்டில் விரியாது, நம் விலா எலும்புக்கூடு விரியும். அவரவர் விலாவில் கை வைத்துப் பார்த்தாலே தெரிகிறது. இரண்டாவதை ஒரு பெண் பாடப்புத்தகப் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தாள். உடம்பில் உதரவிதானம் ஓய்வில் குடை மாதிரி மேல்நோக்கிக் கவிந்திருக்கும், சுருங்கும்போது தட்டையாகும். எங்கள் பாட்டிலில் ஓய்வில் தட்டையாக இருக்கிறது, இழுத்தால் கீழே தொங்குகிறது. "நம்ம வயித்துக்குள்ள இப்படித் தொங்குனா குடல் எங்க போகும்?" என்று கேட்டாள். இத்தனை வருடம் இந்த மாடலைக் காட்டியிருக்கிறேன், ஒரு முறைகூட இது எனக்கு உறைத்ததில்லை.

சரிசெய்ய அந்த ஆணித்துளையே உதவியது. செலோடேப்பை உரித்துவிட்டு, தோலைக் கீழிருந்து முஷ்டியால் மேலே தள்ளிக் குடையாக்கினார்கள். அதிகக் காற்று துளை வழியே போய்விட்டது. துளையை ஒட்டிவிட்டு முஷ்டியை மெல்ல எடுத்தால், குடை தட்டையாகிறது, பலூன்கள் உப்புகின்றன. வடிவம் இப்போது சரி. வகுப்பே கைதட்டியது.

அன்று சாயங்காலம் அதே பெண் வந்து நின்றாள். "இப்ப வேற ஒரு பொய் வந்துருச்சு டீச்சர்." நிஜத்தில் மூச்சை உள்ளே இழுப்பதுதான் தசையின் வேலை. வெளியே விடுவது, ஓய்வாக இருக்கும்போது, தசை தளர்ந்தாலே தானாக நடக்கும். புது மாடலில் தள்ளிப் பிடிக்கும் உழைப்பு வெளிமூச்சுக்குப் போகிறது, உள்மூச்சு சும்மா வருகிறது. பழைய மாடலில் உழைப்பு சரியான பக்கத்தில் இருந்தது, வடிவம்தான் தப்பு. ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று கெட்டது. இரண்டு நாள் இதைப் பற்றிச் சண்டை. கடைசியில் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றின் அட்டையில் "வடிவம் சரி, உழைப்பு பொய்", மற்றதில் "உழைப்பு சரி, வடிவம் பொய்". நான் சொல்லிக்கொடுத்த வாசகம் இல்லை.

பலூன் வெறும் பை என்பது இன்னொரு பெரிய பொய். நிஜ நுரையீரலில் சுமார் 30 கோடிக்கு மேல் காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. எண்ணைச் சொன்னால் யாருக்கும் எதுவும் ஆகாது, கோடி என்பது பிள்ளைகளுக்கு வெறும் சொல். அதனால் கறிக்கடை பாயிடம் சொல்லி வைத்து, ஒரு துண்டு ஆட்டு ஈரலும் ஒரு துண்டு நுரையீரலும் வாங்கி வந்தேன். பார்க்க விரும்பாத பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு இரண்டையும் தண்ணீர் வாளியில் போட்டோம். ஈரல் மூழ்கியது. நுரையீரல் மிதந்தது. வெட்டிய இடத்தை அமுக்கினால் பொடிப்பொடியாக நுரை வந்தது. "அதான் நுரை ஈரலா!" என்று யாரோ கத்தினார்கள். பெயரிலேயே விடை இருக்கிறது, ஆனால் அந்தச் சொல்லை நாம் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

பாட்டிலில் பலூனுக்கும் சுவருக்கும் நடுவே கையகலக் காற்று. உடம்பில் அந்த இடத்தில் மெல்லிய நீர்ப்படலம்தான். ஈரமான இரண்டு கண்ணாடிச் சில்லுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் பிரிக்க வராதே, அந்த ஒட்டுதலில்தான் நுரையீரல் மார்புச் சுவரோடு சேர்ந்து நகர்கிறது. இதை மாடலில் காட்ட முடியவில்லை. இரண்டு கண்ணாடித் துண்டுகளை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தோம்.

இடது கை வலித்த கதை

இதயக் குழுவில் ஒருவனின் அப்பா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஒரு பக்கம் போனால் திரும்பாத வால்வு என்று நான் சொல்லத் தொடங்கியதுமே, "வால்வு டியூப் மாதிரியா டீச்சர்?" என்றான். சரியாகச் சொன்னான். பழைய சைக்கிள் வால்வில் துளையுள்ள ஓர் உலோகக் குழாய்மேல் சின்ன ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். அந்த உலோகக் குழாய்க்குள்ளிருந்து காற்று அழுத்தினால் ரப்பர் விலகி வழிவிடும், வெளியிலிருந்து அழுத்தினால் துளையோடு ஒட்டிக்கொள்ளும். இதயத்தில் ஈரிதழ் வால்வும் மூவிதழ் வால்வும் செய்வது இதைத்தான், ரப்பருக்குப் பதில் இதழ்கள்.

மாடலுக்கு அவர்கள் எடுத்தது மண்ணெண்ணெய் பம்ப். கேனிலிருந்து மண்ணெண்ணெய் இறக்க, நடுவில் முட்டை மாதிரி சிவப்பு ரப்பர் உருண்டையோடு விற்பார்களே, அதுதான். உருண்டையின் இரு பக்கமும் ஒருவழி வால்வு உள்ளேயே இருக்கும். புதிதாக இரண்டு வாங்கினோம். ஒன்று வலது இதயம், மற்றது இடது. வலது பம்ப் "நுரையீரல்" என்று எழுதிய தொட்டிக்குத் தண்ணீரைத் தள்ளும். அந்தத் தொட்டியிலிருந்து இடது பம்ப் எடுத்து "உடம்பு" தொட்டிக்குத் தள்ளும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியே தண்ணீர் தானாக வலது பம்ப்பின் வாளிக்கு வந்து சேரும். நடுவில் எங்கும் கொட்டாமல் சுற்ற வேண்டும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டோம். இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது அழுத்தம் சுமார் 120 மில்லிமீட்டர் பாதரசம், வலதில் சுமார் 25. பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு அடர்த்தி. அப்படியானால் இடதுபக்கம் தண்ணீரை ஏறக்குறைய 163 செ.மீ. உயரத்துக்கு ஏற்றும், வலதுபக்கம் 34 செ.மீ. நுரையீரல் தொட்டியை ஒரு ஸ்டூல்மேல் வைத்தார்கள். உடம்புத் தொட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, கைக்கடிகாரம் பார்த்து, நிமிடத்துக்கு 72 முறை அமுக்கத் தொடங்கினார்கள். ஒரு நிமிடம் தாண்டவில்லை. "எனக்குக் கை வலிக்குது, இவனுக்கு மட்டும் வலிக்கல" என்று இடதுபக்கப் பையன் புகார் செய்தான். வலதுபக்கத்தவன் சிரித்துக்கொண்டே அமுக்கிக்கொண்டிருந்தான். இடம் மாற்றிக்கொண்டார்கள். புகாரும் இடம் மாறியது.

முந்தைய ஆண்டு தெர்மாகோல் இதயம் செதுக்கியவன் அப்போது பத்தாம் வகுப்பு. வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவனைக் கூப்பிட்டு இரண்டு உருண்டையையும் மாற்றி மாற்றி அமுக்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் அமுக்கினான். "ஓ... அதான் இந்தப் பக்கம் செவுரு தடிமனா?" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடித்தது, போய்விட்டான்.

இந்த மாடல் சொல்லிக்கொடுத்த இன்னொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. இடதுபக்கத்தவன் சோர்ந்து மெதுவாக அமுக்க, வலதுபக்கத்தவன் அதே வேகத்தில் தள்ள, நடுவில் இருந்த நுரையீரல் தொட்டி நிரம்பித் தரையில் வழிந்தது. துடைக்கத் துணி தேடி ஓடினார்கள். இடது இதயம் பலவீனமானவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்குவது இதனால்தான் என்று ஈரத்தரையில் நின்றபடியே சொன்னேன். அடுத்த நாள் யாரும் கேட்காமலேயே ஒரு பெண் பத்துப் பதினைந்து வரி எழுதிக்கொண்டு வந்தாள். அவள் பாட்டிக்கு அதே நோய்.

ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக நிமிடத்துக்கு 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டருக்கு மேல். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஏழு. பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். உடம்பில் இருப்பதே 5 லிட்டர் ரத்தம்தானே, பின் 7,200 எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை வைத்துத்தான் 1628-ல் வில்லியம் ஹார்வி உலகத்தையே திருப்பினார். அதுவரை, சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புதிதாக ரத்தம் செய்கிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் நம்பினார்கள். இதயம் அரைமணி நேரத்தில் தள்ளும் ரத்தமே உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகம், அவ்வளவை எந்தச் சாப்பாட்டாலும் செய்ய முடியாது, ஆகவே அதே ரத்தம்தான் சுற்றி வருகிறது என்றார் ஹார்வி. எங்கள் தொட்டிகளில் சுற்றியதும் அதே நான்கைந்து லிட்டர் தண்ணீர்தான்.

முதலில் வலதுபக்கத்துக்கு நீலச் சாயமும் இடதுபக்கத்துக்குச் சிவப்பும் கலந்தார்கள். சுற்றத் தொடங்கியதும் எல்லாம் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. ஒருவிதத்தில் நல்லதுதான். படத்தில் நீலமாகப் போடுவதால் அசுத்த ரத்தம் நீலம் என்றே பாதிப் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அது கரும்சிவப்பு. அட்டையில் இது ஒரு பொய்யாக ஏறியது. ஆரிக்கிள் என்ற மேலறைகள் இல்லை, துடிப்பைத் தொடங்குவது வெளியிலிருந்து ஒரு கை, உடம்பில் அலமாரிமேல் தொட்டி எதுவும் கிடையாது, அந்த அழுத்தம் நுண்ணிய தமனிகளின் தடையை எதிர்க்கத்தான் என்பவை மற்றவை.

குடல், சிறுநீரகம், விரல்

குடல் குழுவுக்குத் தலைமையாசிரியர் தோட்டத்துப் பச்சை ஓஸைக் கொடுத்தார். ஒரு அங்குல ஓஸ், சிறுகுடலும் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. விட்டம்தான். ஆறரை மீட்டர் அளந்து மார்க்கரால் குறித்தார்கள். அம்மா கட்டும் ஆறு கஜப் புடவை ஐந்தரை மீட்டர், ஒன்பது கஜ மடிசார் எட்டே கால் மீட்டர், இரண்டுக்கும் நடுவில் நம் சிறுகுடல். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இரண்டரை அங்குல ஓஸில் ஒன்றரை மீட்டர் துண்டு பெருங்குடல். முழுவதையும் ஒரு பையனின் வயிற்று அகலமுள்ள அட்டைப்பெட்டிக்குள் அடக்கச் சொன்னேன். விறைத்த ஓஸ் அடங்காமல் மடங்கி முறுக்கிக்கொண்டு அடைத்தது. குடலைப் பிடித்து நிறுத்தும் சவ்வு எதற்கு இருக்கிறது என்று அங்கே பேச்சு வந்தது.

ஓஸ் வெறும் குழாய் என்பதுதான் அதன் பொய். உட்சுவரில் குடலுறிஞ்சிகள், அதாவது சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள், இல்லை. ஒரே அளவு டர்க்கி டவலையும் வெறும் பருத்தித் துணியையும் அளந்த தண்ணீரில் முக்கி எடுத்து, பிழிந்து அளந்தார்கள். சுருள் நூல்கள் நிறைந்த டவல் பல மடங்கு தண்ணீரைக் குடித்திருந்தது. குடலின் உள்பரப்பு டென்னிஸ் மைதானம் அளவு என்று பல புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து, மொத்தம் சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். இறகுப்பந்து மைதானத்தில் பாதிகூட வராது. எங்கள் வகுப்பறையை அளந்து பார்த்தோம், கிட்டத்தட்ட அதே அளவு. நானே டென்னிஸ் மைதானம் என்று பல வருடம் கரும்பலகையில் எழுதியவள்தான்.

கஞ்சித் தண்ணீரில் அயோடின் விட்டுக் கருநீலமாக்கி, அவரவர் எச்சிலை அவரவர் சோதனைக் குழாயில் கலந்து நிறம் மறைவதைப் பார்த்தது பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது என்று சொல்வதற்கு ஓஸ் எதற்கு என்று கேட்டால், உண்மைதான், தேவையில்லை.

சிறுநீரகக் குழு தோற்றது. டீ வடிகட்டியும் மணலும் வைத்து அழுக்குத் தண்ணீரை வடித்துக் காட்டினார்கள். சிறுநீரகம் அப்படி வேலை செய்வதில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் தவிர எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வடிகட்டுவதைவிடத் திரும்ப எடுப்பதுதான் பெரிய வேலை. அதை மாடலாக்க எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. இருந்தாலும் அட்டையில் இந்தப் பொய்யைத் தெளிவாக எழுதியிருந்ததால் 10-க்கு 9 போட்டேன். மாடலுக்கு 3.

ஸ்ட்ராவும் நூலும் வைத்த விரல் மாடல் ஒரே நாளில் முடிந்தது. நூலை இழுத்தால் விரல் மடங்கும். விரலை மடக்கும் தசை விரலில் இல்லை, முன்கையில் இருக்கிறது என்பதுதான் அதில் விஷயம். முன்கையைப் பிடித்துக்கொண்டு விரலை ஆட்டினால் போதும், மாடல்கூட வேண்டாம்.

காகிதக்கூழ்

ஆறாவது குழு என் விதியை மீறியது, நானும் விட்டுவிட்டேன். அதில் ஒரு பெண்ணின் வீட்டில் கொலு பொம்மை செய்கிறார்கள், எங்கள் பக்கத்தில் இது பரம்பரைத் தொழில். பிரித்தெடுத்து மறுபடி பொருத்தக்கூடிய உடல் மாடல் ஒன்று செய்கிறேன் என்றாள். அது எந்த வேலையும் செய்யாதே என்றேன். "கழட்டி மாட்டலாமே டீச்சர். எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரியும்ல."

அவள் பாட்டி ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுத்தார். பழைய காகிதத்தை ஊறவைத்து இடித்து, சுண்ணாம்புத் தூளும் மாவுப் பசையும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் இரண்டு பாதியாக அழுத்தி, காயவைத்து ஒட்டுவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம். அது விஷம் என்பதால் அந்த வேலையைப் பாட்டியே செய்தார், பிள்ளைகளைத் தொட விடவில்லை. எங்களிடம் அச்சு கிடையாது. ஈரல், இரைப்பை, இதயம் எல்லாவற்றையும் கையாலேயே உருட்டினார்கள். காய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் மழை வந்து இரைப்பை பூஞ்சை பிடித்தது. மறுபடி செய்தார்கள்.

இதே சேர்மானத்தை வைத்துப் பிரான்சில் ஒரு மருத்துவர் பெரிய தொழிலே நடத்தியிருக்கிறார். லூயி ஒஸூ, 1797-ல் பிறந்தவர். அந்தக் காலத்தில் உடற்கூறு படிக்கப் பிணம் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அழுகிவிடும். மெழுகு மாடல்கள் உண்டு, ஆனால் விலை அதிகம், தொட்டுப் பார்க்கவும் முடியாது. ஒஸூ காகிதம், சுண்ணாம்புத் தூள், தக்கைத் தூள், மாவுப் பசை கலந்த கூழை அச்சில் அழுத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கழற்றக்கூடிய ஆளுயர மனிதனைச் செய்தார். நார்மண்டியில் தன் சொந்த ஊரில் பட்டறை வைத்து ஊர்க்காரர்களுக்கே வேலை கற்றுக்கொடுத்தார். அந்த மாடல்கள் பல நாட்டுக் கல்லூரிகளுக்குப் போயின. இதைச் சொன்னபோது பாட்டி கேட்டது: "தக்கைத் தூள் எதுக்குப் போட்டாராம்?" கனம் குறைய என்று நினைக்கிறேன் என்றேன். "நாங்க மரத்தூள் போடுவோம்" என்றார்.

மாடல் முடிந்தது. மற்ற ஐந்தைவிடவும் அழகு அதுதான். கல்லீரலைக் கழற்றாமல் இரைப்பையை எடுக்க முடியாது, இரைப்பையை எடுத்தால்தான் கணையம் தெரியும். பாடப்படத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்திருப்பார்கள். உடம்பில் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கிறது. வேலை செய்யும் மாடல்தான் மாடல் என்ற என் விதியை அடுத்த ஆண்டு நோட்டில் அடித்துவிட்டேன்.

பிறகு நடந்தது

கண்காட்சியில் எங்களுக்குப் பரிசு இல்லை. நடுவராக வந்தவர் இரண்டு நுரையீரல் பாட்டில்களையும் பார்த்துவிட்டு "லைட் எதுவும் எரியாதா?" என்று கேட்டார். பொய் அட்டையைப் படித்தவர் முகம் சுருங்கியது. தப்பு என்று தெரிந்தும் ஏன் காட்சிக்கு வைத்தீர்கள் என்றார். பரிசு, மோட்டார் வைத்துச் சிவப்பு விளக்குகள் ஓடிய ஓர் இதயத்துக்குப் போனது. எங்கள் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று, எந்தப் பக்கம் எவ்வளவு அழுத்தம் என்று அதைச் செய்தவனைக் கேட்டுத் திணறடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கண்டிக்க வேண்டிய விஷயம்தான். கண்டிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து முதல் நாள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். காற்று போவதால் மார்பு விரிகிறதா, மார்பு விரிவதால் காற்று போகிறதா? நுரையீரல் குழுவில் ஐந்து பேரும் சரியாகச் சொன்னார்கள், காரணத்தோடு. மற்றவர்களில் பாதிப் பேர் பழைய பதிலுக்கே திரும்பியிருந்தார்கள். அவர்களும் அதே அறையில் இருந்தவர்கள், அந்த மாடலைப் பலமுறை பார்த்தவர்கள், கைதட்டியவர்கள். பார்த்தவர்களிடம் தங்கவில்லை. இதயக் கேள்விகளிலும் இதே கதை, அங்கே நுரையீரல் குழு தடுமாறியது.

அதனால் இப்போது நடைமுறையை இன்னொரு தடவை மாற்றியிருக்கிறேன். முதல் இரண்டு வாரம் அவரவர் மாடல். மூன்றாம் வாரம் எல்லா மாடலிலும் நானே ஏதாவது ஒன்றைக் கெடுத்துவைத்து, வேறு குழுவிடம் பழுதுபார்க்கக் கொடுக்கிறேன். பாட்டிலில் ஒரு ஊசித்துளை, ஒரு பம்ப் வால்வைத் திருப்பி மாட்டுவது, அந்த மாதிரி. இதுவரை ஒரு வருடம்தான் செய்திருக்கிறோம். நேரம் போதவில்லை, கணக்கு டீச்சரிடம் நாலு பாடவேளை கடன் வாங்கியிருக்கிறேன்.

பச்சை ஓஸ் தோட்டத்துக்கே திரும்பிப் போனது. மார்க்கர் அழியவில்லை. போன வாரம் முருங்கைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புப் பையன் ஆசிரியர் அறை ஜன்னலில் தலையை நீட்டினான்.

"டீச்சர், சிறுகுடல்ல ஓட்டை விழுந்துருச்சு. ட்யூப் சுத்தவா, வெட்டிரவா?"